10.9-க்கு எத்தனை மார்க் போடுவாய்?

அன்புள்ள கல்பனா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப நிம்மதி, சொட்டு மருந்தை மட்டும் வேளை தவறாமல் விடச் சொல். நாங்கள் அதே தண்டையார்பேட்டை வீட்டில்தான் இருக்கிறோம். மெட்ரோ வந்ததிலிருந்து வாடகை ஏறிக்கொண்டே போகிறது, ஆனாலும் காலேஜ் பக்கத்தில் இருப்பதால் மாறத் தோன்றவில்லை.

உங்கள் கல்லூரியில் ரிலேடிவ் கிரேடிங், அதாவது மொத்த வகுப்பின் மார்க்கோடு ஒப்பிட்டு கிரேடு போடும் முறை, வந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். முதல் வருட பிசிக்ஸ் பிள்ளைகளிடம் நான் என்ன எதிர்பார்க்கிறேன், எதற்கு மார்க் போடுகிறேன் என்றும் கேட்டிருந்தாய். இதை ஃபோனில் பேசினால் பாதியில் அறுந்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

இங்கே வருகிற பிள்ளைகளை உனக்குத் தெரியும். காசிமேடு, வியாசர்பாடி, எண்ணூர். வீட்டில் காலேஜ் வாசலை முதன்முதலில் மிதித்தவர்கள் பலர். ஒரு பையன் விடியற்காலையில் மீன் ஏலத்தில் கூடை தூக்கிவிட்டு முதல் பீரியடுக்கு வருகிறான். பிளஸ் டூவில் பிசிக்ஸ் என்றால் எழுத்துத் தேர்வுக்கு 70, பிராக்டிகல் 20, இன்டர்னல் 10. 35 எடுத்தால் பாஸ், எழுத்தில் 15 வாங்கினால் போதும். புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளை மனப்பாடம் செய்தே கரையேறியவன், இங்கே முதல் இன்டர்னல் டெஸ்ட்டில் 50-க்கு 11 வாங்குகிறான். அந்தப் பேப்பரைக் கையில் வாங்கும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் கல்பனா. “இந்த யூனிட்டை இன்னும் படிக்கவில்லை” என்று அவன் நினைப்பதில்லை, “எனக்கு பிசிக்ஸ் வராது” என்று முடிவு கட்டிவிடுகிறான். அடுத்த வாரத்திலிருந்து அட்டெண்டன்ஸ் குறைகிறது. அவனை இழப்பது அங்கேதான்.

அதனால் முதல் வகுப்பிலேயே எல்லாவற்றையும் போர்டில் எழுதிப் போட்டுவிடுகிறேன். இன்டர்னல் 25, யூனிவர்சிட்டி பரீட்சை 75, அந்த 75-இல் 30 வாங்காவிட்டால் இன்டர்னலில் முழு மார்க் இருந்தாலும் பாஸ் இல்லை. என் கையில் இருக்கிற 25-இல் எது எதற்கு எவ்வளவு என்பதையும் சொல்லிவிடுகிறேன்: படம் வரைந்து விசைகளைக் குறித்தால் மார்க், ஏன் இந்தச் சமன்பாடு என்று ஒரு வரி எழுதினால் மார்க், அதைத் தமிழில் எழுதினாலும் மார்க். வெறும் விடைக்குக் கொஞ்சம்தான்.

லேபில் நடந்ததைச் சொல்கிறேன், கேள். முதல் பிராக்டிகல் தனி ஊசல், ஒரு மீட்டர் நூல், இருபது அலைவு. நாற்பது வினாடி ஆக வேண்டும். ஒரு பெண்ணுக்கு 38 சொச்சம்தான் வந்தது, அதிலிருந்து g, அதாவது புவியீர்ப்பு முடுக்கம், கணக்குப் போட்டால் 9.8 வருவதற்குப் பதில் 10.9. “மேம், தப்பா வந்திருக்கு, 9.8-ன்னு மாத்தி எழுதிக்கட்டுமா?” என்று கேட்டாள். மாற்றாதே, எண்ணிக் காட்டு என்றேன். குண்டை விட்டு ஸ்டாப்வாட்சை அழுத்தும்போதே “ஒன்று” என்று ஆரம்பிக்கிறாள்! இருபது என்று சொல்லும்போது பத்தொன்பது அலைவுதான் முடிந்திருக்கிறது. நேரம் இருபதில் ஒரு பங்கு குறைந்தால், g-க்கு அது வர்க்கமாகப் போய் 10.9-இல்தான் நிற்கும். நான் வாயைத் திறக்கவில்லை, இரண்டாவது முறை எண்ணும்போது அவளே கண்டுபிடித்தாள். ரெக்கார்டில் 10.9-ஐ அடிக்காமல், காரணத்தைக் கீழே எழுதி, சைபரிலிருந்து எண்ணிய ரீடிங்கையும் சேர்த்தாள். முழு மார்க் போட்டேன். அடுத்த டேபிளில் ஒருவனுக்கு நாலு ரீடிங்கும் ஒரே மாதிரி, அச்சு அசலாக 9.80. அவனுக்குப் பாதிதான். “ஆன்சர் கரெக்ட்தானே மேம்” என்று சண்டைக்கு வந்தான். எதற்கு மார்க் என்று முதல் நாளே சொல்லியிருந்ததால்தான் என்னால் அப்படிப் போட முடிந்தது. சொல்லாமல் போட்டிருந்தால் அது அநியாயம்.

தியரியிலும் இதே கதைதான். நியூட்டனின் முதல் விதியை ஒப்பிப்பார்கள், கேரம் போர்டில் விரலை விட்டுப் போன ஸ்டிரைக்கர் மேல் என்ன விசை என்று கேட்டால் “நாம கொடுத்த விசை அதுக்குள்ள இருக்கு மேம்” என்பார்கள். விரலை விட்டபின் அதை முன்னே தள்ளும் விசை எதுவும் இல்லை, உராய்வுதான் அதை நிறுத்துகிறது என்பது பிடிபடுவதில்லை. (இது காசிமாவின் ஊர்! 2024-இல் அமெரிக்காவில் உலகக் கோப்பை கேரமில் மூன்று தங்கம் வாங்கினாளே அந்தப் பெண், புதுவண்ணாரப்பேட்டைதான். கேரமை எடுத்தால் வகுப்பே நிமிர்ந்து உட்காருகிறது.) பவுடர் போட்டால் ஏன் தூரம் போகிறது என்று கேட்டேன், உராய்வு குறைகிறது என்றார்கள். உராய்வே இல்லாவிட்டால்? கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் பின் பெஞ்சிலிருந்து “நிக்கவே நிக்காது”. ஹார்வர்டில் பிசிக்ஸ் பேராசிரியர் எரிக் மசூரிடமே ஒரு மாணவி இந்த மாதிரிக் கேள்விகளைப் பார்த்துவிட்டு, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதவா, நான் நினைக்கிறபடி எழுதவா என்று கேட்டாளாம். அங்கேயே அப்படி என்றால் என் பிள்ளைகளை மக்கு என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

பிசிக்ஸ் கற்பிப்பதைப் பற்றி ஆராய்ந்த ரெடிஷ், சால், ஸ்டைன்பெர்க் மூவரும் 1998-இல் எழுதிய கட்டுரையை நீயும் தேடிப் படி. அமெரிக்காவில் ஆறு கல்லூரிகள், சுமார் 1500 மாணவர்கள். பிசிக்ஸ் என்றால் என்ன, அதை எப்படிப் படிப்பது என்று அவர்களுக்கு இருந்த எண்ணம் முதல் செமஸ்டர் முடிந்தபோது முன்னைவிட மோசமாகியிருந்தது. பாடம் நடத்தியே கெடுத்திருக்கிறோம்! நாம் எதற்கு மார்க் போடுகிறோமோ அதுதான் பிசிக்ஸ் என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள், வேறெப்படி எடுத்துக்கொள்வார்கள்?

ரிலேடிவ் கிரேடிங் எனக்குப் பிடிக்காததும் இதனால்தான். கேள்வித்தாள் கடினமாகிவிட்டால் அது காப்பாற்றும், சரி. ஆனால் பக்கத்தில் இருப்பவன் நன்றாக எழுதினால் என் கிரேடு இறங்கும் என்று தெரிந்த பிறகு எவன் நோட்டைக் கொடுப்பான்? இங்கே சாயங்காலம் லேப் வராந்தாவில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கிறார்கள், அரியர் விழாமல் பாதிப் பேரைக் காப்பாற்றுவது அதுதான். மேலே எறிந்த பந்து உச்சியில் நிற்கும் கணத்தில் முடுக்கம் பூஜ்யமா இல்லையா என்பது வகுப்புச் சராசரியைப் பொறுத்ததும் இல்லையே.

நீ ஒத்துக்கொள்ள மாட்டாய் என்று தெரியும், அறுபது பேருக்குப் பதில் மூன்று செக்‌ஷன் திருத்துகிறவள் நீ. உன் பக்கத்து நியாயத்தையும் எழுது. கூடவே உன் மிட் செமஸ்டர் கேள்வித்தாளையும் அனுப்பு, எனக்கு இரண்டாவது இன்டர்னலுக்குக் கேள்வி எடுக்க வேண்டும், கேரமை விட்டால் வேறு உதாரணம் கைவசம் இல்லை.

அன்புடன்,
தேவி