தேக்குக் கதவை அறுக்காதே

மாதுங்கா, மும்பை
ஜூலை 14

அன்புள்ள சேது,

கடிதம் கிடைத்தது. சரோஜாவுக்கு முழங்கால் வலி குறைந்ததில் சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம். மழை மட்டும் விட்டபாடில்லை. சுவரில் சாய்த்து வைத்த பிளைவுட் ஒரு வாரத்தில் வில்லாக வளைந்துவிடுகிறது. பெங்களூரில் உனக்கு அந்தத் தொல்லை குறைவு.

நீ மரத்தில் செய்யப்போகும் ‘டிரிங்கமாலி’ கப்பல் மாதிரியைப் பற்றி முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பழைய தேக்குக் கதவை அறுக்காதே. அறுத்துவிட்டாய் என்றால், கப்பல் உட்காரும் பீடத்துக்கு வைத்துக்கொள்.

‘டிரிங்கமாலி’ மலபார் தேக்கில் கட்டியது, அதனால் மாதிரியும் தேக்கில்தான் இருக்கவேண்டும் என்கிறாய். கேட்டால் நியாயமாகத்தான் படும். ஆனால் கப்பலை 64-இல் ஒரு பங்காக நாம் சுருக்கலாம், தேக்கின் கண்துளை சுருங்காதே! தேக்குப் பலகையில் கால் மி.மீ. அகலத்துக்குத் துளை சாதாரணம். 64 மடங்கில் அது 16 மி.மீ. பள்ளம். அப்படிச் சொத்தை விழுந்த பலகையை எந்தக் கப்பல் ஆசாரியும் தொட்டிருக்கமாட்டான். தவிர, தேக்கில் எண்ணெய் உண்டு. ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோன் வைத்துத் துடைக்காவிட்டால் பசை பிடிக்காது. மரத்துக்குள் இருக்கும் சிலிக்கா கத்தியின் முனையையும் தின்றுவிடும்.

வேண்டியது ரேகையே கண்ணுக்குத் தெரியாத மரம். ஐரோப்பாவில் பேரி மரமும் பாக்ஸ்வுட்டும் வைத்துச் செய்கிறார்கள். நமக்கு மஞ்சக்கடம்பு இருக்கிறது, இங்கே மரக்கடையில் ‘ஹால்டு’ என்று கேட்கவேண்டும். வெளிர் மஞ்சள், நெருக்கமான ரேகை, விளிம்பு உதிராது. உனக்கு அதைவிடப் பக்கத்தில் சென்னபட்டணாவே இருக்கிறது. அங்கே பொம்மை கடைவது வெப்பாலை மரத்தில், கன்னடத்தில் ஆலே மரம் என்பார்கள். தந்தம் மாதிரி வழவழப்பு. தளத்துப் பலகைக்கு அது, உடம்புக்கு மஞ்சக்கடம்பு. தேக்கு நிறம்தான் வேண்டும் என்றால் சாயம் ஏற்றிக்கொள்ளலாம்.

இரண்டாவது கேள்வி: எந்த வருஷத்துக் கப்பலைச் செய்யப்போகிறாய்? இதை நீ எழுதவே இல்லை. மற்ற எல்லாம் இதைப் பிடித்துத்தான் தொங்குகிறது. ஜம்சேத்ஜி பொமன்ஜி வாடியா இங்கே பம்பாய்க் கப்பல்துறையில் பிரிட்டிஷ் கடற்படைக்காகக் கட்டி 1817 அக்டோபர் 12 அன்று தண்ணீரில் இறக்கியது லீடா வகுப்பு 38 பீரங்கிக் கப்பல். 1782-இல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிடித்த ‘ஹெபே’யின் வடிவத்தைப் பார்த்து வரைந்த வகுப்பு அது. (பம்பாய்க்கு முதலில் அனுப்பிய வரைபடம் ‘ஜாவா’ என்ற கப்பலோடு 1812 டிசம்பரில் அமெரிக்கர் கையில் போய்விட்டது, மறுபடி ஒரு பிரதி அனுப்பவேண்டியிருந்தது.) ஆனால் 1845-இல் அதே கப்பலின் பின்புறத்தை மாற்றியமைத்தார்கள், பீரங்கிகளைக் குறைத்துப் பெரிதாக்கினார்கள், வகுப்பையே மாற்றினார்கள். அதன்பிறகு நூறு வருஷத்துக்கு மேல் பயிற்சிக் கப்பலாகவும் கிடந்தது. இன்று இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூலில் நிற்பதைப் புகைப்படத்தில் பார்த்து நீ 1817 கப்பலைச் செய்தால், முன்பாதி ஒரு காலம், பின்பாதி வேறு காலம் என்று ஆகிவிடும். என் ஓட்டு 1817-க்கு. திருகோணமலை என்ற நல்ல பெயரை மென்று துப்பிய பெயர்ப்பலகையைப் பின்புறத்தில் எழுதுவதுதான் கொஞ்சம் வலிக்கும்.

அளவு. பீரங்கித் தளம் 150 அடி 4½ அங்குலம். 1:48 என்றால் அதுவே 95 செ.மீ., முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்புமரமும் சேர்ந்தால் எந்த அலமாரியிலும் அடங்காது. 1:96 என்றால் 48 செ.மீ., ஆனால் கயிறெல்லாம் மயிரிழையாகிவிடும், நம் வயசுக் கண்ணுக்கு ஆகாது. 1:64-இல் 71.6 செ.மீ. வரும், கொம்புமரத்தோடு ஒரு மீட்டரைத் தாண்டும். இதையே எடுத்துக்கொள். 5½ அடி ஆள் இந்த அளவில் 26 மி.மீ. அந்த உயரத்தில் மரத்தால் ஒரு மாலுமியைச் செதுக்கி மேஜைமேல் வை. ஒவ்வொரு படி, கைப்பிடி, பீரங்கி செய்யும்போதும் அவனைப் பக்கத்தில் நிறுத்திப் பார். கதவில் அவன் தலை இடித்தால் உன் கணக்கு தப்பு.

கிரீன்விச் அருங்காட்சியகத்தின் கடற்படை வரைபடங்கள் பெரும்பாலும் 1:48. அச்சுக்கடையில் சுருக்கும்போது நீளவாட்டில் ஒரு அளவு, அகலவாட்டில் ஒரு அளவு என்று இழுத்துவிடும். தாளில் வரைந்திருக்கும் அளவுகோலை ஸ்டீல் ஸ்கேலால் சரிபார்த்துவிட்டு, அதே நீளத்தைக் குறுக்குவாட்டிலும் அளந்து பார். ஆங்கிலேய வரைபடத்தின் கோடு வெளிப்பலகையின் மேற்பரப்பு அல்ல, அதற்கு உள்ளே வங்கின், அதாவது கப்பலின் விலாச்சட்டத்தின், வெளிவிளிம்பு. மூன்று நான்கு அங்குலப் பலகை நம் அளவில் 1.2 முதல் 1.6 மி.மீ. நீ 1.5 மி.மீ. அடிப்பலகையும் அதன்மேல் 0.6 மி.மீ. மேல்பலகையுமாக இரண்டடுக்கு ஒட்டப்போவதாக எழுதியிருக்கிறாய், மொத்தம் 2.1. ஆக, முதுகெலும்பில் குறுக்கே நிற்கும் குறுக்குச்சட்டத்தைக் கோட்டிலிருந்து அரை மி.மீ.க்கு மேல் உள்ளே தள்ளி வெட்டவேண்டும். இல்லையென்றால் கப்பல் குண்டாகிவிடும்.

முதுகெலும்புக்கு 6 மி.மீ. பிர்ச் பிளை. கப்பலின் அடியில் நீளத்துக்கு ஓடும் கட்டையை நம் ஊர்த் தோணி ஆசாரிகள் ஏரா என்பார்களே, அந்த ஏராவை இதன் அடியில் தனியாக மஞ்சக்கடம்பில் ஒட்டு. பிளையை வெட்டிய அன்றே இருபுறமும் ஷெல்லாக் இரண்டு கை அடித்துவிடு. ஒருபுறம் மட்டும் அடித்தால் அடிக்காத பக்கம் ஈரம் குடித்து வளையும். குறுக்குச்சட்டங்களைப் பசையில்லாமல் பொருத்தி, ஒவ்வொன்றும் செங்குத்தா என்று மூலைமட்டம் வைத்துப் பார்த்த பிறகுதான் ஃபெவிகால். பிறகு விளிம்பு சீவுதல். இதில்தான் பலபேர் அவசரப்படுகிறார்கள். அணியத்து (முன்கோடி)ப் பக்கத்துச் சட்டங்களின் விளிம்பு சாய்வாக இருந்தால்தான் பலகையின் முழு அகலமும் அதில் படியும். ஒரு நீண்ட பட்டியில் உப்புத்தாள் ஒட்டி, மூன்று நான்கு சட்டங்களைச் சேர்த்தே தேய். நடுநடுவே 4 மி.மீ. பட்டி ஒன்றை நீளத்துக்கு வைத்து அழுத்திப் பார். எங்காவது வெளிச்சம் தெரிந்தால் அங்கே பள்ளம், ஒரு சில் ஒட்டி நிரப்பு. அணியத்திலும் பின்கோடியிலும் கடைசி இரண்டு சட்டங்களுக்கு நடுவே பால்சா கட்டை அடைத்துத் தேய்த்துவிட்டால் பலகை மடங்காது.

பலகை அடிப்பதைக் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன், உன் படத்தில் தப்பு தெரிகிறது. எல்லாப் பலகையையும் ஒரே அகலத்தில் வரைந்திருக்கிறாய். கப்பல் நடுவில் வயிறு பெருத்தது, அணியத்தில் ஒடுங்கியது. ஒரு காகிதப் பட்டியை நடுச்சட்டத்தின்மேல் வளைத்து, தடித்த பட்டைப்பலகையின் கீழ்விளிம்பிலிருந்து ஏராவரை அள. ஒரு பேச்சுக்கு 104 மி.மீ. என்று வை. 10 அங்குலப் பலகை நமக்கு 4 மி.மீ., ஆக 26 வரிசை. அணியத்தில் அதே தூரம் 62 மி.மீ. என்றால் 26-ஆல் வகுத்து ஒவ்வொன்றும் 2.4 மி.மீ.க்கு ஒடுங்கவேண்டும். பாதி அகலத்துக்குக் கீழே, அதாவது 2 மி.மீ.க்குக் கீழே போனால் ஆணி பிடிக்க இடமில்லை. அப்போது இரண்டு வரிசையை ஒன்றாக்கும் பலகை போடவேண்டும். பின்கோடியில் மாறாக 112 வரலாம். 8 மி.மீ. மிச்சம், அங்கே இரண்டு ஆப்புப் பலகை செருகு.

ஏராவை ஒட்டிய முதல் பலகையை அணியத்தில் மேலே ஏறவிடாதே. பெரும்பாலான மாதிரிகள் கெடுவது இந்த ஒரு பலகையால்தான். அதை வளைத்து மேலே இழுக்க ஆசையாக இருக்கும், இழுத்தால் அதற்குமேல் வரும் எல்லா வரிசையும் முன்னால் நெருங்கி, ஊசிமுனையாகக் கூர்ந்து, மேல்நோக்கிச் சிரிக்கிற வாய் மாதிரி ஆகிவிடும். அந்த முதல் பலகையை முன்கூட்டியே நிறுத்திவிடு.

இடப்பக்கம் ஒரு வரிசை ஒட்டினால் அடுத்தது வலப்பக்கம். ஒரே பக்கம் ஐந்தாறு வரிசை ஒட்டினால் முதுகெலும்பு முறுக்கிக்கொள்ளும், பிறகு நிமிர்த்த முடியாது. நனைத்து வளைத்த பலகையை இடத்தில் கவ்வி, முழுக்கக் காயவிட்டு, கழற்றி, அதன்பிறகே பசை போடு. ஈரத்தோடு ஒட்டினால் காயும்போது அகலம் குறுகி இடுக்கு விழும். பக்கவாட்டில் வளைக்கத் தண்ணீர் உதவாது. பலகையைத் தட்டையாகக் கவ்வி, விரலால் தள்ளிப்பிடித்து, தலைமுடி உலர்த்தும் டிரையரைக் காட்டு, நின்றுவிடும். உடனடிப் பசை வேண்டாம். வழிந்த இடத்தில் சாயம் ஏறாது, எண்ணெயும் ஏறாது, வெள்ளைத் தழும்பு நிரந்தரம்.

நிஜத்தில் 24 அடிக்கு மேல் பலகை கிடைப்பது அரிது, நமக்கு அது 114 மி.மீ. அதனால் அணியத்திலிருந்து பின்கோடிவரை ஒரே பட்டி ஓட்டாதே. அடுத்தடுத்த வரிசைகளில் இணைப்புகள் ஒரே சட்டத்தில் விழக்கூடாது, குறைந்தது மூன்று வரிசை இடைவெளி வேண்டும். கலப்பற்றுக்கு (பலகை இடுக்கை அடைத்த கறுப்புக் கோடு) பலகையின் ஒரு விளிம்பில் மட்டும் பென்சில் தேய்த்தால் போதும், மார்க்கர் எண்ணெயில் கசியும். மரஆணி 1½ அங்குலம், நமக்கு 0.6 மி.மீ. மூங்கிலைச் சீவி, நகை ஆசாரி கம்பி இழுக்கிற துளைத்தகட்டில் படிப்படியாக இழுத்தால் கிடைக்கும். அந்தத் தகடு ஜவேரி பஜாரில் கிடைக்கும், 0.6 மி.மீ. துரப்பணம் நாக்தேவித் தெருவில். கறுப்புப் புள்ளியாகத் தெரியவேண்டும் என்று சாயம் தோய்க்காதே. நிஜக் கப்பலில் பத்தடி தள்ளி நின்றாலே மரஆணி கண்ணுக்குத் தெரியாது. மாதிரியை அம்மை போட்ட முகமாக ஆக்கவேண்டியதில்லை.

பீரங்கி வாசல் பக்கத்துக்கு 14. வாசலின் பக்கச்சட்டங்கள் ஏராவுக்குச் செங்குத்து, கீழ்ச்சட்டமும் மேல்சட்டமும் தளத்தின் வளைவோடு போகும். ஆகவே ஓரங்களில் வாசல் சதுரமாக இராது, லேசாகச் சாய்ந்திருக்கும். சதுரமாக வெட்டிவிட்டு வரிசைக்குத் திருப்பி வைத்தால் கப்பல் தள்ளாடுகிற மாதிரித் தெரியும். பீரங்கியை ஈயத்தில் வார்த்தது வாங்காதே. மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் பிளையிலிருந்தும் ஓக்கிலிருந்தும் புளிப்பு ஆவி வரும், புளித்த வாடை அடிக்கிற சிலிக்கான் பசையிலிருந்தும் வரும். ஈயம் வெள்ளைப் பொடியாக உதிரும். பித்தளை போதும். 9 அடிக் குழல் 43 மி.மீ.

கப்பலின் அடிப்புறத்தில் போர்த்தும் செம்புத் தகடு 4 அடிக்கு 14 அங்குலம், நமக்கு 19-க்கு 5.5 மி.மீ. பின்கோடியிலிருந்து முன்னால் வா, முன்தகட்டின் ஓரம் பின்தகட்டின்மேல் ஏறவேண்டும். அப்போதுதான் ஓடுகிற தண்ணீர் ஓரத்தைக் கிளப்பாது. ஆணித்தலையை எழுப்பிக்காட்டாதே. கையுறை இல்லாமல் தொட்டால் ஒரு மாதத்தில் உன் கைரேகை பச்சையாகத் தெரியும்.

கயிறு. உன் பட்டியலில் ‘9 அங்குலக் கயிறு’ என்பதை விட்டமாக எடுத்திருக்கிறாய். அந்தக் காலக் கயிற்றின் அளவெல்லாம் சுற்றளவு. அங்குலத்தை 0.126-ஆல் பெருக்கினால் நமக்கு வேண்டிய விட்டம் மி.மீ.யில் வரும். 9 அங்குலம் 1.13 மி.மீ., 1½ அங்குல ஏணிக்கயிறு 0.19. நீ எழுதியபடி போனால் பாய்மரத்தைப் பிடிக்கும் கயிறு 3½ மி.மீ. தாம்பாகியிருக்கும்! பாய்மரத்தை நிறுத்திப் பிடிக்கும் நிலைக்கயிறு தார் பூசியது, கன்னங்கறுப்பு அல்ல, கருங்காப்பி நிறம். பாயை இழுத்து இயக்கும் ஓடுகயிறு சணல் நிறம். கயிற்றைச் செங்குத்தாகப் பிடித்தால் முறுக்கு இடக்கீழிருந்து வலமேலே ஏறவேண்டும், நங்கூரக் கயிறு எதிர்முறுக்கு. பருத்தி நூலில் பிசிறு வரும், நைலான் தளரும். தையல்கடை பாலியெஸ்டரைத் தேன்மெழுகில் இழுத்துக்கொள். ஏணிப்படி 13 அங்குலத்துக்கு ஒன்று, 5 மி.மீ. முடிச்சை இறுக்கும்போது பக்கத்துக் கயிற்றை உள்ளே இழுத்துவிட்டால் ஏணி உடுக்கை இடுப்பாகும். பின்னால் கோடு போட்ட அட்டையைச் செருகிக்கொண்டு கட்டு.

பாய்மரத்துக்குக் கடையில் விற்கும் உருளைக்கம்பு வேண்டாம், ரேகை குறுக்கே ஓடினால் வருஷத்துக்குள் கோணும். நேர்ரேகைச் சதுரக் கட்டையை எட்டுமுகம், பதினாறுமுகம் என்று சீவி உருட்டு. பாய் தொங்கும் குறுக்குமரமான பருமலுக்கும் அதுதான், நடுப்பகுதியை மட்டும் எட்டுமுகமாகவே விட்டுவிடு. பாய் கட்டாதே. எந்தத் துணியின் இழையும் இந்த அளவுக்குச் சுருங்காது.

ஹால்டு நல்லதாகக் கிடைக்குமா என்று ரே ரோடு மரக்கடைகளில் மழை விட்டதும் பார்க்கிறேன், இப்போது எல்லாக் கட்டையும் ஊறிக் கிடக்கும். நீ சென்னபட்டணாப் பக்கம் போனால் வெப்பாலை இரண்டடி நீளத்தில், வெட்டி ஆறு மாதமாவது காய்ந்ததாக, நான்கு கட்டை வாங்கி வை. ஒன்று எனக்கு. குறுக்குச்சட்டங்களைப் பசையில்லாமல் கோத்ததும் அணியத்திலிருந்து நேராக ஒரு படம் எடுத்து அனுப்பு, அதுவரை ஃபெவிகால் டப்பாவைத் திறக்காதே.

அன்புடன்,
கோபால்