விடை தெரிந்தும் மதிப்பெண் போவது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புக் பேக் வினாக்களை உருப்போட்டாலே பத்தாம் வகுப்பு அறிவியலுக்குப் போதும் என்ற நினைப்பு சேலத்து டியூஷன் சென்டர்களில் ஊறிப்போயிருக்கிறது. பாடம் தெரிந்த பிள்ளைகளே மதிப்பெண்ணைக் கோட்டை விடுகிறார்கள் என்றால், கேள்வி என்ன கேட்கிறது என்று பாராமல் எழுதுவதுதான் காரணம்.

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகச் சேலத்தைவிட நேரம் பிடிக்கும். இதற்குக் 'காரணம் கூறு' என்றால், கொதிநிலையின் வரையறையை எழுதிவிட்டு எழுந்துவிட முடியாது. உயரம் கூடினால் காற்றழுத்தம் குறையும். அதனால் நீர் ஏறக்குறைய 95 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். கொதிக்கத் தொடங்கிய நீர் எவ்வளவு தீ வைத்தாலும் அதற்குமேல் சூடேறாது. சூடு குறைவு என்பதால் பருப்பு மெதுவாக வேகும். இந்தச் சங்கிலியில் பலர் விடுவது நடுக் கண்ணியைத்தான். 'குளிர்ந்த ஊர், அதனால்' என்று முடிப்பவர்களும் உண்டு. அடுப்பில் கொதிக்கிற தண்ணீருக்கு ஊர்க் குளிர் ஒரு பொருட்டா?

இதையே கூற்று-காரணமாகக் கேட்டால் வேறு கவனம் வேண்டும். கூற்று: ஏற்காட்டில் நீர் 100 டிகிரிக்குக் கீழேயே கொதிக்கும். காரணம்: ஏற்காட்டில் காப்பி விளைகிறது. இரண்டும் சரி, ஆனால் இரண்டாவது முதலாவதை விளக்கவில்லை. இரண்டையும் தனித்தனியே சரிபார்த்த பிறகு, நடுவில் 'ஏனெனில்' போட்டுப் படித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

கணக்கில் படிக்கு மதிப்பெண் உண்டு. நம்மூர் வெள்ளைக்கல்லை, அதாவது மேக்னசைட்டை, எடுத்துக்கொள்ளுங்கள். தூய மேக்னசைட் 84 கிராமைச் சுட்டால் 40 கிராம் மெக்னீசியம் ஆக்சைடும் 44 கிராம் கார்பன் டை ஆக்சைடும் கிடைக்கும். அப்படியானால் 21 கிலோவுக்கு ஆக்சைடு 10 கிலோ. வெறும் '10' என்று எழுதினால் போதாது. சமன்பாடு, நிறை விகிதம், பிரதியிடல், அலகு நான்கும் தாளில் இருக்க வேண்டும்.

வினாத்தாளின் அமைப்பையும் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். 2 மதிப்பெண் பகுதியில் 10-க்கு 7 எழுத வேண்டும், 22-ஆவது வினா கட்டாயம். 4 மதிப்பெண் பகுதியிலும் 10-க்கு 7தான், அங்கே 32-ஆவது கட்டாயம். அதை விட்டுவிட்டு வேறு ஏழு எழுதினால் ஆறுக்குத்தான் மதிப்பெண் தேறும். 75 மதிப்பெண்ணுக்கு மூன்று மணி நேரம் என்பதால் 4 மதிப்பெண் வினாவுக்குப் பத்து நிமிடம்கூடக் கிடையாது.

திருத்திய விடைத்தாள் கைக்கு வந்ததும் கூட்டலை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்கக் கூடாது. போன ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் பக்கத்தில் 'தெரியவில்லை', 'கேள்வி புரியவில்லை', 'கவனப்பிசகு' என்று ஒன்றைக் குறிக்கச் சொல்லுங்கள். மூன்றுக்கும் மருந்து வேறு.

ஆசிரியர்கள் வாரத் தேர்வில் புத்தகத்தில் இல்லாத ஒரு கேள்வியாவது வைக்கலாம். 'அதே பருப்பை ஏற்காட்டில் குக்கரில் வைத்தால் என்ன ஆகும்?' என்பதில் தொடங்கலாம்.

இப்படிக்கு,
அறிவியல் ஆசிரியர்,
அஸ்தம்பட்டி, சேலம்.