டிக்கிக்குள் ஒரு கைப்பிடி வையுங்கள்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை,
திருச்சிராப்பள்ளி.

பெறுநர்:
தலைமை மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கார் தயாரிப்பு நிறுவனம்.

பொருள்: டிக்கியை உள்ளிருந்து திறக்க வழியில்லாமல் குழந்தை அடைபட்டது – நடவடிக்கை கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

2021-இல் உங்கள் நிறுவனத்தின் செடான் காரை வாங்கினேன். கடந்த மாதம், கத்திரி வெயில் கொளுத்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அந்தக் காரின் டிக்கிக்குள் என் 5 வயதுப் பேரன் 22 நிமிடம் அடைபட்டுக் கிடந்தான். உங்கள் சர்வீஸ் நிலையத்தில் சொல்லிப் பார்த்துவிட்டேன். அங்கே கிடைத்த பதில் எனக்குப் போதவில்லை. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

முதல் நாள் இரவு ஊரிலிருந்து வந்து அரிசி மூட்டையை இறக்கியபோது டிக்கி மூடியை அழுத்திச் சாத்தாமல் விட்டுவிட்டேன். அது என் தவறு. உள்ளே இருக்கும் சிறு விளக்கு விடிய விடிய எரிந்திருக்கிறது. ஏற்கெனவே வலுவிழந்திருந்த பேட்டரி முழுதும் இறங்கிவிட்டது. காலையில் கண்ணாமூச்சி விளையாடிய பிள்ளை மூடியைத் தூக்கி உள்ளே ஏறிப் படுத்து, தானே இழுத்துச் சாத்திக்கொண்டான். இந்த முறை மூடி நன்றாகப் பூட்டிக்கொண்டது.

"அப்பாயி" என்ற குரல் காருக்குள்ளிருந்து வந்தபோது நான் கொல்லைப்புறத்தில் இருந்தேன். ஓடி வந்து ரிமோட்டை அழுத்தினேன், சத்தமே இல்லை. சாவியால் ஓட்டுநர் கதவைத் திறந்து, ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் நீங்கள் வைத்திருக்கும் டிக்கி பொத்தானை அழுத்தினேன். மின்சாரம் இல்லாத பொத்தான் என்ன செய்யும்? டிக்கி மூடியில் சாவித்துளையைத் தேடினேன். அங்கே உங்கள் சின்னம்தான் இருந்தது. பின்சீட்டை மடக்கி வழி செய்யலாம் என்று என் மருமகள் முழு பலத்தோடு இழுத்தாள். நாங்கள் வாங்கிய ரகத்தில் பின்சீட்டு மடங்காது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சீட்டுக்கு அந்தப் பக்கம் அவன் அழுகிறான், இந்தப் பக்கம் நான் அவன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். நடுவில் நான்கு விரற்கடைப் பஞ்சும் தகடும்.

உங்கள் 24 மணி நேர உதவி எண்ணில் 45 நிமிடத்தில் வண்டி வரும் என்றார்கள். எதிர்வீட்டில் வாடகைக் கார் ஓட்டும் தம்பி தன் வண்டியைப் பக்கத்தில் நிறுத்தி, இரண்டு பேட்டரிகளையும் வயரால் இணைத்தார். பொத்தானை அழுத்தியதும் மூடி எழுந்தது. சட்டை உடம்போடு ஒட்ட, உதடு வறண்டு, கண் கூசிக்கொண்டு பிள்ளை எழுந்தான். உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்து மாலை வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். இன்றும் குளியலறைக் கதவைச் சாத்தவிட மாட்டேன் என்கிறான்.

ஒன்றைக் கவனியுங்கள். பேட்டரியை இணைக்க முன்பக்க பானெட்டைத் திறக்க வேண்டியிருந்தது. அதற்கு ஓட்டுநரின் காலடியில் ஒரு நெம்புகோல் இருக்கிறது. இழுத்தால் கம்பி இழுக்கும், திறந்துவிடும். பேட்டரி செத்தாலும் திறக்கும். நாங்கள் முன்பு வைத்திருந்த பழைய காரில் டிக்கிக்கும் அதே மாதிரி நெம்புகோல் சீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது, மூடியில் சாவித்துளையும் இருந்தது. எஞ்சினுக்கு விட்டுவைத்த வழியை, ஒரு குழந்தை ஏறிப் படுக்கக்கூடிய இடத்துக்கு ஏன் எடுத்துவிட்டீர்கள்? ஸ்டெப்னியும் ஜாக்கியும்கூட அங்கேதான் இருக்கின்றன. இரவில் நெடுஞ்சாலையில் பேட்டரியும் இறங்கி டயரும் பஞ்சரானால் அவற்றை எப்படி எடுப்பது?

சர்வீஸ் நிலையத்தில் வயதான மெக்கானிக் ஒருவர் டிக்கியின் உள் உறையைக் கழற்றிப் பூட்டைக் காட்டினார். அதில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கொக்கி இருக்கிறது. ஒற்றை விரலால் தள்ளினேன்; பூட்டு திறந்தது. அந்த 22 நிமிடமும் அது என் பேரனின் கைக்கு ஒரு சாண் தூரத்தில், உறைக்குப் பின்னால் இருந்திருக்கிறது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது.

அந்த நிலையத்தின் மேலாளர் சொன்னவை மூன்று: பேட்டரியைப் பராமரிப்பது வாடிக்கையாளர் பொறுப்பு, உள்கைப்பிடி வைக்கச் சட்டம் சொல்லவில்லை, இப்படியெல்லாம் நம் ஊரில் நடப்பதில்லை. 2025 மே மாதம் ஆந்திராவின் விஜயநகரம் மாவட்டத்தில், நின்றிருந்த காருக்குள் விளையாடப் போய் வெளியே வர முடியாமல் நான்கு குழந்தைகள் இறந்தார்கள். அது டிக்கி அல்ல, கார்தான். ஆனால் பிள்ளைகள் காருக்குள் ஏறுவார்கள், மாட்டிக்கொள்வார்கள் என்பதற்கு இன்னும் எந்த ஊர்ச் சாட்சி வேண்டும்?

அமெரிக்காவில் 1998 கோடையில் மூன்று வாரங்களுக்குள் நியூ மெக்சிகோ, பென்சில்வேனியா, யூட்டா மாநிலங்களில் மூன்று சம்பவங்கள். டிக்கிக்குள் சிக்கி 11 குழந்தைகள் மாண்டார்கள். 1995-இல் கணவரோடு கடத்தப்பட்டு டிக்கிக்குள் அடைக்கப்பட்டு உயிர் தப்பிய ஜேனட் ஃபென்னெல் என்ற பெண்மணி அதற்கு முன்பிருந்தே உள்கைப்பிடிக்காகப் போராடி வந்தார். 2001 செப்டம்பர் 1 முதல் அங்கே தயாராகும் டிக்கியுள்ள புதிய கார்களில் உள்ளிருந்து திறக்கும் வழி கட்டாயமானது. டெக்சாஸில் இருக்கும் என் தம்பியின் காரில் அதைப் பார்த்திருக்கிறேன்: வெளிர்பச்சை நிறத்தில் உள்ளங்கை அளவு பிளாஸ்டிக். மூடி திறந்திருக்கும்போது வாங்கிய ஒளியை இருட்டில் மெல்ல விடும். அதற்கு வயர் வேண்டாம், பேட்டரி வேண்டாம். முப்பது ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தவள் சொல்கிறேன், இதில் கடினமான தொழில்நுட்பம் ஒன்றுமில்லை.

என் காரில் அந்த வெள்ளைக் கொக்கியோடு இணைத்து ஒளிரும் கைப்பிடி ஒன்றைப் பொருத்தித் தாருங்கள். செலவை நானே ஏற்கவும் தயார். ஆனால் இதே ரகக் காரை வைத்திருக்கும் மற்றவர்களுக்கு உங்கள் செலவிலேயே செய்ய வேண்டும். அது முடியும்வரை, பேட்டரி இறங்கினால் டிக்கியை எப்படித் திறப்பது என்று தமிழில் அச்சிட்ட ஒரு தாளையாவது ஒவ்வொருவருக்கும் அனுப்புங்கள். கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன். "குழந்தைகளை அனுமதிக்காதீர்கள்" என்ற ஒரு வரிக்கு மேல் அதில் எதுவும் இல்லை.

30 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் வராவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். பேட்டரி ரசீதும் பூட்டின் புகைப்படங்களும் இத்துடன் இருக்கின்றன. உங்கள் பொறியாளர் யாரையாவது அனுப்பினால், அந்த வெள்ளைக் கொக்கியை நானே அவருக்குக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்.