தம்பலகாமத்திலிருந்து வந்த போத்தல்

திருகோணமலை மாவட்டத்தின் உயிரியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புக்குரிய ஆசிரியர்களே,

உயர்தர வகுப்புகளுக்கு இருபத்தாறு ஆண்டுகள் உயிரியல் கற்பித்து ஓய்வுபெற்றவள் நான். உங்களில் சிலர் என்னிடம் படித்தவர்கள். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

தம்பலகாமத்திலிருந்து வந்த மாணவன் ஒருவன், பழைய நெல் ஆலையொன்றின் கூரைக்கடியில் செத்துக் கிடந்த சிறு வௌவாலைத் தாளில் சுற்றி எடுத்து வந்தான். அதை அற்ககோலில் இட்டு ஆய்வுகூட அலுமாரியில் வைத்தேன். போத்தலின் வெளிப்புறத்தில் மையால் எழுதி ஒட்டிய துண்டு சில ஆண்டுகளில் மங்கி உதிர்ந்தது. எங்கே, எந்த நாளில், யார் கண்டெடுத்தது என்ற விவரமெல்லாம் அதோடு போயிற்று. பிறகு ஒரு விடுமுறைத் துப்புரவில் போத்தலும் போயிற்று. தடுத்திருக்க வேண்டியவள் நான், தடுக்கவில்லை. அதன் மூக்கில் இலை போன்ற மடிப்பு இருந்ததா என்பதுகூட இப்போது என் நினைவில் இல்லை.

இது ஏன் இன்னும் உறுத்துகிறது என்பதற்கு மேகமலையில் கிடைத்த ஒரு வௌவாலின் கதையைச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்து மலை அது. 1948இல் அங்கஸ் ஹட்டன் என்பவர் அங்கே ஒரு பழந்தின்னி வௌவாலைச் சேகரித்தார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில் அது குட்டைமூக்குப் பழந்தின்னி வௌவால் என்ற பெயரில் வைக்கப்பட்டது. நம் வீட்டுக் கொய்யாவைக் கடித்துத் துப்பிவிட்டுப் போகிறதே, அந்த வௌவாலின் பெயர்தான். இருபது ஆண்டுகளுக்கு மேல் யாரும் அதைச் சந்தேகிக்கவில்லை. தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தொங்லொங்யா அதைக் கையிலெடுத்துப் பற்களை எண்ணினார். குட்டைமூக்கு வௌவாலுக்கு மேல்தாடையில் நான்கும் கீழ்த்தாடையில் நான்குமாக வெட்டும் பற்கள் உண்டு. இதற்கோ மேலே இரண்டு, கீழே இரண்டு. குட்டைமூக்குக்கு உள்ள சிறு வாலும் இதற்கு இல்லை. 1972இல் அதைப் புதிய இனமாக மட்டுமல்ல, புதிய சாதியாகவே (நெருங்கிய இனங்களை ஒன்றாக வைக்கும் பிரிவு) அவர் அறிவித்தார். அகன்ற பல் என்ற பொருளில் லாட்டிடென்ஸ் என்பது சாதிப் பெயர். பறவையியலாளர் சலீம் அலியின் பெயர் இனத்துக்கு. (இரண்டே ஆண்டுகளில் கிட்டி காலமானார். உலகின் மிகச் சிறிய வௌவால் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.)

எட்டா, நான்கா? கைவில்லையோடு உட்கார்ந்தால் நம் மாணவி ஒருத்தியே எண்ணிச் சொல்லக்கூடிய வித்தியாசம் இது. ஆனால் எண்ணுவதற்கு மண்டையோடு இருக்க வேண்டும். அது எங்கிருந்து வந்தது என்ற குறிப்பும் கூடவே இருக்க வேண்டும்.

மரபணுச் சோதனை வந்துவிட்ட பிறகு எலும்பும் பல்லும் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வாழும் நீள்விரல் வௌவால் ஒன்று 2022இல் தனி இனமாக அறிவிக்கப்பட்டபோது, மரபணுவோடு உடலமைப்பு அளவுகளையும் சேர்த்தே ஆராய்ந்தார்கள். அந்த இனத்துக்கு பிலிப்ஸ் என்பவரின் பெயரை வைத்தார்கள். இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பணிபுரிந்துகொண்டே இத்தீவின் பாலூட்டிகளைப் பற்றி 1935இல் நூல் வெளியிட்டவர் அவர்.

என் வேண்டுகோள் சிறியது. மாவட்டத்தில் ஏதேனும் ஒரு பாடசாலையின் ஆய்வுகூடத்தில் ஒரே ஓர் அலுமாரியை, இறந்து கிடைக்கும் வௌவால்களை விவரத்தோடு பாதுகாத்து வைப்பதற்கென ஒதுக்குங்கள். எந்தப் பாடசாலை என்பதை நீங்களே கூடிப் பேசி முடிவு செய்யுங்கள். வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் எழுத்துமூல அனுமதியை முதலில் பெறுங்கள். உயிருள்ள வௌவால் எதையும் பிடிக்க வேண்டாம். அவை தங்கும் இடங்களைக் கலைக்கவும் வேண்டாம். மின்கம்பியில் பட்டோ, மின்விசிறியில் அடிபட்டோ, கூரையிலிருந்து விழுந்தோ இறந்தவை மட்டும் போதும். அவற்றையும் மாணவர்கள் வெறுங்கையால் தொடக்கூடாது. விசர்நோய்க் கிருமி வௌவாலிலும் இருக்கலாம். அன்று அந்தப் பையன் வெறுங்கையால்தான் அதைத் தொட்டெடுத்துத் தாளில் சுற்றினான் என்பதை நினைத்தால் இப்போதும் பதறுகிறது.

வேணியர் இடுக்கிமானியால் முன்கையின் நீளத்தை மில்லிமீற்றரில் அளந்து எழுதுங்கள். வௌவால் ஆய்வாளர்கள் முதலில் கேட்கும் அளவு அதுதான். காது, மூக்கு, வால் ஆகியவற்றைப் படமெடுங்கள். வாயைத் திறந்து எலும்பைப் பிரிப்பதைப் பயிற்சி பெற்றவர்களிடம் விட்டுவிடுங்கள். பல்கலைக்கழக விலங்கியலாளர்கள் தேடி வரும் நாளில், மூதூரிலோ குச்சவெளியிலோ கிடைத்த ஓர் உடல் தன் ஊர்ப்பெயரோடு நம்மிடம் இருக்க வேண்டும்.

விவரத் துண்டைப் பென்சிலால் எழுதுங்கள். அற்ககோலில் மை கரையும், பென்சில் எழுத்து நிற்கும். துண்டைப் போத்தலுக்கு வெளியே ஒட்டாமல் உள்ளேயே, உடலோடு சேர்த்துப் போடுங்கள்.

என்னிடம் கைவில்லை இரண்டும் இடுக்கிமானி ஒன்றும் இருக்கின்றன. அலுமாரி எந்தப் பாடசாலையில் என்று முடிவானதும் நானே கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை ஒருத்தி
உவர்மலை, திருகோணமலை