அவர் செய்த வேலையையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் இதழின் நினைவஞ்சலிப் பக்கத்தை விடாமல் வாசிக்கிறவள் நான். கிறிஸ்தவக் குடும்பங்கள் கொடுக்கும் அறிவிப்புகளில் 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று இருக்கும், ஒரு வசனம் இருக்கும், மனைவி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் பெயரெல்லாம் இருக்கும், ஆனால் அந்த மனுஷன் வாழ்நாள் முழுக்க என்ன வேலை செய்தார் என்பது மட்டும் பெரும்பாலும் இருக்காது. என் அப்பாவின் அடக்க ஆராதனையிலும் அப்படித்தான் நடந்தது. நல்ல விசுவாசி, ஜெபிக்கிறவர், குடும்பத்தை வேதத்தின்படி நடத்தினவர் என்று நிறையப் பேசினார்கள், எல்லாம் உண்மைதான், அவர் வேலையைப் பற்றி மட்டும் ஒரு வரியோடு முடித்துவிட்டார்கள். அந்த ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அப்பா ஒரு தொழிற்சாலையில் டர்னர். லேத் என்கிற கடைசல் இயந்திரத்தில் ஷாஃப்ட், அதாவது இயந்திரங்களில் சுழலும் உலோகத் தண்டு, கடைவதுதான் பெரும்பாலும் அவர் வேலை. இந்த வேலையில் உலோகத்தைச் சீவி எடுக்கலாமே தவிர, சீவினதைத் திரும்ப ஒட்ட முடியாது, அளவு ஒரு தடவை இறங்கிவிட்டால் போச்சு. அளவு பார்க்கும் மைக்ரோமீட்டர் கருவியில் ஒரு கோடு என்றால் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. அந்த ஒரு கோடு குறைந்த ஷாஃப்ட்டையும் அப்பா தானே எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, ரிஜெக்ட் நோட்டில் தன் பெயரையும் எழுதிவிடுவார், அந்த மாதம் ஊக்கத்தொகை குறைந்துதான் வரும். யாருக்குத் தெரியப்போகிறது, எடுத்துச் சேர்த்துவிட வேண்டியதுதானே என்று அம்மா சண்டை போடுவார், அவர் கோபத்திலும் நியாயம் உண்டு, பீஸ் கட்ட வேண்டிய பிள்ளைகள் வீட்டில் இருந்தோம். அப்பா சொல்வது ஒன்றுதான்: "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்புன்னு நீதிமொழியில இருக்கு, தராசா இருந்தா என்ன, மைக்ரோமீட்டரா இருந்தா என்ன?" அப்போஸ்தலன் பவுல் வேலைக்காரர்களுக்கு எழுதும்போது, 'பார்வைக்கு ஊழியஞ்செய்யாமல்', அதாவது எஜமான் பார்க்கும்போது மட்டும் வேலை செய்யாமல், என்கிறாரே, மேஸ்திரி இல்லாத நைட் ஷிப்டில் அப்பா அதை எப்படிச் செய்தார் என்று அவரோடு வேலை பார்த்தவர்கள் துக்கத்துக்கு வந்தபோது சொல்லித்தான் எங்களுக்கே முழுசாகத் தெரிந்தது.

ஷிப்ட் வேலை என்பதால் எல்லா ஞாயிறும் அவரால் ஆராதனைக்கு வர முடியாது. சபையில் சிலர் அதைக் குறையாகப் பேசினார்கள், அப்பா பதில் சொன்னதில்லை, நான் இப்போது சொல்கிறேன். ஓய்வுநாளைப் பரிசுத்தமாய் ஆசரிக்கச் சொல்லும் அதே கட்டளையில்தான், யாத்திராகமம் 20-ல், ஆறு நாளும் வேலை செய் என்றும் இருக்கிறது. அந்தப் பாதியை வைத்து யாரையாவது பாராட்டி நான் பிரசங்கம் கேட்டதில்லை.

இன்னொன்று பாருங்கள். ஒரு அம்மா இறந்தால் நீதிமொழிகள் 31-ஐ வாசிக்கிறோம். அதில் குணசாலியான ஸ்திரீயைப் பற்றிச் சொல்லும் பகுதியில் பெரும்பாலும் வேலைதான்: ஆட்டுமயிரையும் சணலையும் தேடி எடுக்கிறாள், வயலை விசாரித்து வாங்குகிறாள், ராத்திரியில் அவள் விளக்கு அணைவதில்லை. அப்பாக்களுக்கு மட்டும் ஏன் அப்படி எதுவும் வாசிப்பதில்லை? இத்தனைக்கும் இயேசு வளர்ந்ததே ஒரு தச்சர் வீட்டில். அந்தத் தச்சரான யோசேப்பு பேசினதாக ஒரு வார்த்தைகூட சுவிசேஷங்களில் கிடையாது, ஆனால் அவர் தொழில் மட்டும் நமக்குத் தெரியும், 'இவன் தச்சனுடைய குமாரன் அல்லவா' என்று ஊரார் கேட்டதை மத்தேயு எழுதி வைத்திருக்கிறார். கத்தோலிக்கத் திருச்சபையில் மே 1-ஐத் தொழிலாளரான சூசையப்பரின் (யோசேப்பைத்தான் அவர்கள் அப்படிச் சொல்வார்கள்) திருநாளாக 1955-ல் போப் பன்னிரண்டாம் பயஸ் அறிவித்தார், அது நல்ல காரியம். பவுலும் கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் வீட்டில் தங்கிக் கூடாரம் பண்ணுகிற வேலை செய்தவர்தான், அதைச் சொல்ல அவர் கூச்சப்படவே இல்லை.

அப்பாவிடம் குறையே கிடையாது என்று சொல்ல வரவில்லை. நைட் ஷிப்ட் முடிந்து பகலில் தூங்கும்போது நாங்கள் சத்தம் போட்டால் கடுகடுவென்று விழுவார், பள்ளி விழா எதற்கும் அவர் வந்த ஞாபகம் எனக்கு இல்லை, அந்த வெற்றிடத்தையெல்லாம் அம்மாதான் நிரப்பினார். ஆனால் சாயந்தரம் வந்து கைகால் கழுவினதும், விரலில் ஏறின இரும்புச் சிராயை அம்மா ஊசியால் எடுத்துக்கொண்டிருக்க, மறு கையில் வேதத்தைப் பிடித்துக்கொண்டு எங்களுக்கு சங்கீதம் வாசிப்பார், வலித்தால் வரிக்கு நடுவில் நிறுத்தி, அப்புறம் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். அவருக்கு வேலை வேறு, விசுவாசம் வேறு என்று இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஒன்றை மட்டும் சொல்லி மற்றதை விட்டால் அது அவரைப் பற்றிய பேச்சே இல்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். நினைவஞ்சலிக்காக நீங்கள் கொடுக்கும் படிவத்தில் பெயர், பிறப்பு, இறப்பு, குடும்பத்தார் என்று கட்டங்கள் இருக்கின்றன. 'செய்த தொழில்' என்று ஒரு கட்டம் சேர்க்க முடியுமா? டர்னர், தையல்காரர், டிரைவர், காவலாளி, எதுவானாலும் அப்படியே போடுங்கள். வரிக் கணக்கில் பணம் வாங்குவதாக இருந்தால் அந்த ஒரு வரிக்கு மட்டும் வாங்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு டர்னரின் மகள்