அலியின் சண்டைகளைக் காட்ட உதவியவர்களுக்கு நன்றி

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

வடசென்னையில் எங்கள் படிப்பகத்து மொட்டை மாடியில், சனிக்கிழமை மாலைகளில் அமெரிக்க பாக்சிங் வீரர் முகமது அலியின் உலக சாம்பியன் பட்டப் போட்டிகளைத் திரையிட்டு வந்தோம். போன வாரம் அது நிறைவடைந்தது. உதவியவர்களுக்கு நேரில் நன்றி சொல்லிவிட்டேன். ஆனாலும் அது ஊருக்கும் தெரிய வேண்டும்.

புரொஜெக்டர் தந்த கல்யாண வீடியோக்காரத் தம்பி வாடகை என்று ஒரு பைசா வாங்கவில்லை. பாய் விரித்துச் சுண்டல் அவித்துத் தந்த அக்காக்களுக்கும், கரண்ட் கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும் நன்றி.

ஓய்வு பெற்ற வாத்தியார் ஐயா இல்லாவிட்டால் பாதிக் கதை பிள்ளைகளுக்குப் புரிந்திருக்காது. வியட்நாம் போருக்குப் போக மாட்டேன் என்று 1967இல் அலி மறுத்ததையும், பட்டம் பறிக்கப்பட்டதையும், 1971இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பு சொன்னதையும் பொறுமையாக விளக்கினார். 25 வயதிலிருந்து 28 வரை, கால் நன்றாக ஆடுகிற வயதில், அலி ரிங் ஏறவே முடியவில்லை. இதைக் கேட்டதும் மாடியே அமைதியானது.

பாக்சிங் மாஸ்டருக்கு எப்படி நன்றி சொல்வது? அன்றைய சாம்பியன் லிஸ்டனோடு 1964இல் மியாமியில் நடந்த சண்டையில், நான்காவது ரவுண்டு முடிந்து கண் எரிச்சலில் எதுவும் தெரியாமல் வந்து உட்காருகிறார் அலி. அப்போது அவர் பெயர் காஷியஸ் கிளே, வயது 22. கிளவுஸை வெட்டி எடு என்கிறார். பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ கண்ணைக் கழுவிவிட்டு அவரை மறுபடி ரிங்குக்குள் தள்ளிவிடுகிறார். ஏழாவது ரவுண்டுக்கு லிஸ்டன் எழுந்து வரவில்லை. மாஸ்டர் அந்த இடத்தில் படத்தை நிறுத்தி, "கார்னர்ல நிக்கிற ஆளையும் பாருங்கடா" என்றார்.

1974இல் ஆப்பிரிக்காவின் கின்ஷாசாவில், கயிற்றில் சாய்ந்து அடி தாங்கியே சாம்பியன் ஃபோர்மனை அலி களைக்கவைத்த சண்டைக்கு, மாஸ்டர் கயிறு கட்டி, தன் பையன் ஒருவனை அதில் சாய்த்து நிற்க வைத்தார். முழங்கையை எங்கே வைத்தால் அடி கையோடு போகும், அடிக்கிறவன் தோள் எப்படி ஓய்ந்துபோகும் என்று செய்து காட்டினார். அதைப் பார்த்த பிறகு, எட்டாவது ரவுண்டில் ஃபோர்மன் விழுந்தது பிள்ளைகளுக்கு மாயமாகத் தெரியவில்லை.

கின்ஷாசாவோடு முடித்துக்கொள்ளலாம் என்று சிலர் சொன்னபோது, அலி தோற்ற ஹோம்ஸ் சண்டையும் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவரும் மாஸ்டர்தான். அதற்குத்தான் என் பெரிய நன்றி. 1980 தொடக்கத்தில் அலி சென்னைக்கு வந்து, நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினார். எம்.ஜி.ஆரும் வந்திருந்தார். அன்று கேலரியில் இருந்த எங்கள் தெருப் பெரியவர், அந்த மாலையைச் சொல்லச் சொல்ல முகம் மலர்ந்தார். அவருக்கும் நன்றி. அதே ஆண்டு அக்டோபரில், லாஸ் வேகாஸில், 38 வயது அலி லாரி ஹோம்ஸிடம் பத்து ரவுண்டு அடி வாங்கினார். திருப்பி அடிக்கக் கை வரவில்லை. போதும் என்று சண்டையை நிறுத்தியவர் அதே டண்டீ. பெரியவர் கடைசிவரை பார்க்கவில்லை, எழுந்து கீழே போய்விட்டார்.

அப்புறம் டாக்டரம்மா பேசினார். 1977இல் ஷேவர்ஸ் என்ற வீரரோடு நடந்த சண்டைக்குப் பிறகு, அலியின் மருத்துவர் பச்சேகோ இனி சண்டை வேண்டாம் என்று சொல்லி, அலி கேட்காததால் விலகியதையும், 1984இல் அலிக்குப் பார்கின்சன் என்ற நரம்பு நோய் என்று தெரியவந்ததையும் சொன்னார். தலையில் படும் அடி பற்றி அம்மாக்கள் கேட்ட எல்லாக் கேள்விக்கும் ஒளிக்காமல் பதில் தந்தார். பிள்ளையை பாக்சிங்குக்கு அனுப்பலாமா என்று கேட்டவர்களை அவர் மழுப்பி அனுப்பவில்லை.

அந்தப் பேச்சுக்குப் பிறகு டாக்டரம்மாவும் மாஸ்டரும் சேர்ந்து ஒன்றை முடிவு செய்திருக்கிறார்கள். பயிற்சியில் தலையில் பலமாக அடிபட்ட பிள்ளை, டாக்டரம்மா பார்த்துச் சரி என்று சொல்லாமல் ரிங் ஏறக் கூடாது. பார்க்கக் காசு வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். அம்மா, அதற்கும் சேர்த்து நன்றி.

அன்புடன்,
படிப்பகத்தார் சார்பில்