எஃப்.சி. வரைக்கும் தூசு காத்திருக்குமா?

ஆசிரியருக்கு வணக்கம்,

குறுவை அறுவடை நெருங்கிவிட்டது, மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கமெல்லாம் களத்துக்கும் கொள்முதல் நிலையத்துக்கும் நடுவே இனி ‘குட்டி யானை’ மினி லாரிகள்தான் ஓடும். ஆனால் எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) தேதி வந்தால்தான் வண்டியைத் திரும்பிப் பார்க்கிறோம். முதல் 8 வருடம் அது 2 வருடத்துக்கு ஒருமுறைதான்.

ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள், நெல் சுணை மடிப்புக்கு மடிப்பு அப்பிக்கிடக்கும். இன்ஜினுக்குக் காற்று போகாமல் கரும்புகை தள்ளும், லோடு இழுக்காது, டீசல் அதிகமாகக் குடிக்கும், நாமோ டீசல் பம்பு போச்சு என்று மெக்கானிக்கிடம் காசைக் கொட்டுவோம். சீசனில் வாரம் ஒருமுறை கழற்றித் தட்டினால் போதும். காற்றடிப்பதென்றால் உள்ளிருந்து வெளியே, லேசாக. காகித ஃபில்டரைத் தண்ணீரில் அலசுகிறவர்களும் இருக்கிறார்கள், என்ன சொல்ல!

வாய்க்கால் சேற்றில் இறங்கி ஏறினால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் (சக்கரத்துக்கு இழுவையைக் கொண்டுபோகும் தண்டு) கிராஸுக்கு, அதாவது அதன் மூட்டுக்கு, புது கிரீஸ் அடித்துவிடுங்கள். பிரேக் டிரம் நனைந்திருந்தால் மெதுவாக ஓட்டிக்கொண்டே லேசாக மிதித்து உலர்த்திவிட்டு அப்புறம் ரோட்டைப் பிடியுங்கள்.

வேளாண்மைப் பொறியியல் துறை அறுவடைக்கு முன்னால் ஒன்றியத்துக்கு ஒரு பராமரிப்பு முகாம் வைத்து இந்த வண்டிகளையும் சேர்த்துக்கொள்ளலாமே, டிராக்டர் மட்டும்தானா நெல் சுமக்கிறது?

இப்படிக்கு,
ஒரு வண்டிக்காரர்,
மன்னார்குடி